475 ஆண்டு, 2475 ஆண்டு மதிப்புகள் மட்டும் இருந்தால் 100 ஆண்டில் 10 சதவீதத்துக்கு எப்படி மாற்றுவது?

தாங்குதூண்:

சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு தொழிற்சாலை வளாகம். அந்தத் தளத்துக்கென்றே செய்த நிலநடுக்க அபாய அறிக்கை வந்திருக்கிறது. இரண்டே மட்டங்கள்தான் கொடுத்திருக்கிறார்கள், அபாய வளைவு (எந்த முடுக்கம் ஆண்டுக்கு எவ்வளவு வாய்ப்பில் மீறப்படும் என்ற வரைபடம்) இணைப்பில் இல்லை. பாறை மட்டத்தில், 5% தணிப்புக்கு:

பிஜிஏ (தரையின் உச்ச முடுக்கம்): 50 ஆண்டில் 10% மீறல் வாய்ப்பு (475 ஆண்டு மட்டம்) என்றால் 0.082 ஜி, 50 ஆண்டில் 2% (2475 ஆண்டு மட்டம்) என்றால் 0.171 ஜி
0.2 நொடி ஸ்பெக்ட்ரல் முடுக்கம் (அந்த அலைவுக் காலமுள்ள கட்டமைப்பு உணரும் உச்ச முடுக்கம்): 0.170 ஜி, 0.370 ஜி
1.0 நொடி ஸ்பெக்ட்ரல் முடுக்கம்: 0.055 ஜி, 0.125 ஜி

மூன்று கேள்விகள்.

முதலாவது: ஒரு சேமிப்புத் தொட்டிக்கு உரிமையாளரின் ஆவணம் 100 ஆண்டில் 10% மீறல் வாய்ப்பு என்று கேட்கிறது. அலுவலகத்தில் ஒருவர் 475-க்கும் 2475-க்கும் நடுவே நேர்கோடு போட்டு பிஜிஏ 0.103 ஜி என்கிறார். இன்னொருவர் அதை 50 ஆண்டில் 5.1% என்று மாற்றிக்கொண்டு, 10%-க்கும் 2%-க்கும் நடுவே நேர்கோடு போட்டு 0.136 ஜி என்கிறார். இருவர் போட்டதும் நேர்கோடுதான், ஆனால் விடைகளுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

இரண்டாவது: கட்டுமானத்தின்போது 3 ஆண்டு மட்டும் நிற்கப்போகும் தற்காலிக எஃகுச் சட்டகம் ஒன்று. அதற்கும் 475 ஆண்டு மதிப்பையே போடச் சொல்வது அதிகமாகப் படுகிறது. எவ்வளவு குறைக்கலாம்?

மூன்றாவது: இந்திய நிலநடுக்க விதியான ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்புப்படி இது மண்டலம் 3. இசட் (மண்டலக் காரணி) 0.16, அதில் பாதி 0.08. அறிக்கையின் 475 ஆண்டு மதிப்பும் 0.082. அப்படியானால், அறிக்கை இல்லாத தளங்களில் இசட்டை 2475 ஆண்டு என்றும் இசட்டில் பாதியை 475 ஆண்டு என்றும் வைத்துக்கொள்ளலாமா?

—

பாறைமட்டம்:

முதல் கேள்விக்கு: இரண்டு விடையும் தப்பு. சரியான விடை 0.112 ஜி. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல். நிகழ்தகவை ரிட்டர்ன் பீரியடாக (சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மீறப்படும் என்ற காலமாக) மாற்றுவது ஒன்று. அது வெறும் கணிதம், உலகில் எந்த ஊராக இருந்தாலும் ஒரே விடை. அந்த ரிட்டர்ன் பீரியடுக்கு என்ன முடுக்கம் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. அது உங்கள் தளத்தின் அபாய வளைவைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறும்.

முதல் வேலை. நிலநடுக்கங்கள் பாய்சான் முறையில், அதாவது ஒன்றையொன்று சாராமல் மாறாத சராசரி வீதத்தில், நிகழ்கின்றன என்று எடுத்துக்கொண்டால்:

ரிட்டர்ன் பீரியட் = − ஆண்டுகள் ÷ இயல் மடக்கை (1 − நிகழ்தகவு)

50 ஆண்டில் 10%: 50 ÷ 0.10536 = 474.6
50 ஆண்டில் 2%: 50 ÷ 0.020203 = 2474.9
50 ஆண்டில் 5%: 50 ÷ 0.051293 = 974.8
100 ஆண்டில் 10%: 100 ÷ 0.10536 = 949.1

475, 2475 என்ற விசித்திர எண்களுக்கு வேறு எந்தப் புவியியல் மர்மமும் இல்லை, இந்தச் சூத்திரம்தான் காரணம். கால்குலேட்டரில் எல்என் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் வரிக்கு 1093 என்று விடை வந்தால் நீங்கள் பத்தை அடியாகக் கொண்ட மடக்கையை அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். எக்ஸெலில் லாக் என்று மட்டும் அடித்தாலும் இதே கதைதான்.

சிலர் ஆண்டுகளை நிகழ்தகவால் நேரடியாக வகுத்துவிடுகிறார்கள். 10%-க்கு 500, 2%-க்கு 2500. அந்த அளவில் பரவாயில்லை. நிகழ்தகவு பெரிதாகும்போதுதான் அந்தக் குறுக்குவழி காலை வாரும். துருக்கியின் 2018 விதியில் டிடி-4 என்ற மட்டம் 50 ஆண்டில் 68%. குறுக்குவழியில் 73.5 ஆண்டு வரும், உண்மையில் 43 ஆண்டு சொச்சம். டிடி-3, அதாவது 50 ஆண்டில் 50%, அதுதான் 72 ஆண்டு. ஆக ஒரு மட்டத்தையே மாற்றிப் போட்டுவிடுவீர்கள்.

உங்கள் நண்பர் 100 ஆண்டு 10%-ஐ 50 ஆண்டுக்கு மாற்றியது சரிதான்: 0.9-இன் வர்க்கமூலம் 0.94868, ஒன்றிலிருந்து கழித்தால் 5.13%. அதுவரை தப்பில்லை. அடுத்த அடியில்தான் சறுக்கினார்.

இரண்டாவது வேலை. அபாய வளைவைச் சாதாரணத் தாளில் வரைந்தால் செங்குத்தாக விழுந்து, பிறகு நீளமாகத் தரையோடு ஊர்ந்து போகும். இரண்டு அச்சுகளும் மடக்கையில் இருக்கும் தாளில் வரைந்தால்தான் ஓரளவு நேர்கோடாகத் தெரியும். எனவே இடைச்செருகலும் மடக்கை மதிப்புகளில்தான் நடக்க வேண்டும், முடுக்கத்துக்கும் மடக்கை, ரிட்டர்ன் பீரியடுக்கும் மடக்கை. அந்தக் கோட்டின் சாய்வைக் கே என்று வைத்துக்கொள்வோம்:

கே = மடக்கை (2475 ÷ 475) ÷ மடக்கை (பெரிய முடுக்கம் ÷ சிறிய முடுக்கம்)

உங்கள் பிஜிஏ-வுக்கு: மேலே 1.6507. கீழே 0.171 ÷ 0.082 = 2.085, அதன் மடக்கை 0.735. கே = 2.246.

949 ஆண்டு முடுக்கம் = 0.082 × (949 ÷ 474.6) என்பதன் 1/கே அடுக்கு. அடைப்புக்குள் இருப்பது சரியாக 2. இரண்டின் 0.445 அடுக்கு 1.36. பெருக்கினால் 0.1116 ஜி.

நேர்கோட்டு ரிட்டர்ன் பீரியட் விடை (0.103) இதைவிட சுமார் 8% குறைவு. நேர்கோட்டு நிகழ்தகவு விடை (0.136) 22% அதிகம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நெருங்கி வருகிறதே என்று யாராவது சொல்வதற்குள் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழி: அமெரிக்காவில் பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான ஃபெமா 356 ஆவணத்தில் இதே இடைச்செருகலை ஒரு வரிச் சூத்திரமாகவே கொடுத்திருக்கிறார்கள். 0.606 × இயல் மடக்கை (ரிட்டர்ன் பீரியட்) − 3.73 என்பதைக் கணக்கிட்டு, அதை இரு மட்டங்களின் மடக்கை வித்தியாசத்தோடு பெருக்கி, 475 ஆண்டு மதிப்பின் மடக்கையோடு கூட்ட வேண்டும். 475 போட்டால் கிட்டத்தட்ட 0 வரும், 2475 போட்டால் கிட்டத்தட்ட 1 வரும், 949 போட்டால் 0.424. விடை அதே 0.112.

ஒரு முக்கியமான விஷயம்: பிஜிஏ-வுக்கு வந்த 1.36-ஐ எடுத்து முழு ஸ்பெக்ட்ரத்தையும் பெருக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு அலைவுக் காலத்துக்கும் கே தனி. 0.2 நொடிக்கு 2.12, பெருக்கம் 1.386, விடை 0.236 ஜி. 1.0 நொடிக்கு 2.01, பெருக்கம் 1.412, விடை 0.078 ஜி. பிஜிஏ காரணியையே போட்டிருந்தால் 1.0 நொடியில் 0.075 வந்திருக்கும். உங்கள் தளத்தில் வித்தியாசம் மூன்றரை சதவீதம்தான். ஆனால் நீண்ட அலைவுக் காலத்தில் தூரத்துப் பெரிய நிலநடுக்கம் ஆதிக்கம் செலுத்தும் இடங்களில் இது இன்னும் பெரிதாகும். தொட்டியில் திரவம் அலம்பும் முறைமைக்கு அலைவுக் காலம் பல நொடிகள் இருக்கும். அங்கே 1.0 நொடி வரைதான் அறிக்கை இருக்கிறதென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

—

தெற்குத்தீவு:

பாறைமட்டம் சொன்னது சரி. கே என்ற எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பலர் ஐரோப்பிய நிலநடுக்க விதியான யூரோகோடு 8-இல் «சுமார் 3» என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் 3 போடுகிறார்கள்.

கே 3 என்றால் 2475 ஆண்டு முடுக்கம் 475 ஆண்டு முடுக்கத்தைப்போல் 1.73 மடங்கு. கலிபோர்னியக் கடற்கரையில் அந்த விகிதம் சுமார் 1.5, அதாவது கே 4-க்கு மேல். அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் 2 முதல் 5 வரை போகும். விகிதம் 3 என்றால் கே 1.5, விகிதம் 5 என்றால் கே 1.03. பூகம்பம் அடிக்கடி வரும் இடத்தில் 475 ஆண்டுக்குள்ளேயே பெரியது வந்துபோயிருக்கும், அதற்குமேல் காத்திருந்தாலும் முடுக்கம் அதிகம் ஏறாது. அரிதாக வரும் இடத்தில் 475 ஆண்டு என்பது பெரும்பாலும் அமைதியான காலம், 2475 ஆண்டில்தான் பெரிய ஒன்று கணக்குக்குள் நுழையும். உங்கள் தளத்தின் 2.25 இந்த இரண்டாவது வகையை ஒட்டி நிற்கிறது. அங்கே 3 போட்டிருந்தால் 949 ஆண்டுக்கு 0.103 வந்திருக்கும், தற்செயலாக அந்த நேர்கோட்டு விடையேதான்.

இதை வைத்தே அமெரிக்க விதியில் வரும் இன்னொரு குழப்பத்தையும் புரிந்துகொள்ளலாம். வரைபட மதிப்பை வடிவமைப்பு மதிப்பாகக் குறைக்க அங்கே போடும் மூன்றில் இரண்டு பங்கு என்ற காரணி, கலிபோர்னியாவின் 1.5-ஐத் தலைகீழாக்கியதுதான். ஆகவே கலிபோர்னியாவில் 2475-இன் மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட 475-இல் போய் விழும். கே 1.5 இருக்கும் இடத்தில் அதே மூன்றில் இரண்டு பங்கு சுமார் 1350 ஆண்டு. அந்த அமெரிக்க விதியான ஏஎஸ்சிஇ 7-இன் 2010 பதிப்பிலிருந்து வரும் வரைபட மதிப்புகளை 2475 ஆண்டு என்று எழுதவே கூடாது. அவை 50 ஆண்டில் 1% இடிவு அபாயத்துக்குச் சரிசெய்யப்பட்டவை, எல்லாத் திசைகளிலும் உச்சமான முடுக்கத்துக்கு மாற்றப்பட்டவை, பெரிய பிளவுகளுக்கு அருகே மேல்வரம்பும் உண்டு. அந்த எண்ணை எடுத்து இந்தச் சூத்திரத்தில் போட்டால் வருகிற விடைக்கு எந்த நிகழ்தகவும் கிடையாது.

அடுத்து, கே ஒரு மாறிலி அல்ல. நியூசிலாந்தின் நிலநடுக்க விதியான என்இசட்எஸ் 1170.5-இல் ஆர் (500 ஆண்டு மதிப்பைப்போல் எத்தனை மடங்கு) என்ற அட்டவணை இருக்கிறது: 25 ஆண்டுக்கு 0.25, 50-க்கு 0.35, 100-க்கு 0.5, 250-க்கு 0.75, 500-க்கு 1.0, 1000-க்கு 1.3, 2000-க்கு 1.7, 2500-க்கு 1.8. இதிலிருந்து சாய்வைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100-இலிருந்து 500 வரை 2.32. 500-இலிருந்து 1000 வரை 2.64. 1000-இலிருந்து 2500 வரை 2.82. மேலே போகப் போக ஏறுகிறது. அதாவது மடக்கைத் தாளிலும் அது நேர்கோடு இல்லை, கொஞ்சம் வளைந்தது.

இந்த வளைவால் வரும் விளைவைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இடைச்செருகல் செய்தால் விடை உண்மையைவிடக் குறைவாக வரும், ஏனென்றால் நாண் வில்லுக்குக் கீழேதான் இருக்கும். அதே கோட்டை இரு பக்கமும் வெளியே நீட்டினால் விடை உண்மையைவிட அதிகமாக வரும். அந்த அட்டவணையிலேயே சோதிக்கலாம். 500-ஐயும் 2500-ஐயும் வைத்து 1000-ஐக் கண்டுபிடித்தால் 1.288, அட்டவணையில் 1.3. ஒரு சதவீதம், விட்டுவிடலாம். 100-ஐயும் 2500-ஐயும் வைத்து 500-ஐக் கண்டுபிடித்தால் 0.949. ஐந்து சதவீதம். 25-ஐயும் 2500-ஐயும் வைத்தால் 0.90, பத்து சதவீதம் குறைந்துவிட்டது. எனவே மூன்று, நான்கு மட்டங்கள் கையில் இருந்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டை மட்டும் எடுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கோடு பொருத்தாதீர்கள். இத்தாலியில் 30, 50, 72, 101, 140, 201, 475, 975, 2475 என்று ஒன்பது மட்டங்கள் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே மட்டும் மடக்கை இடைச்செருகல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வகையில் எனக்குத் தெரிந்து அதுதான் உருப்படியான ஏற்பாடு.

அந்த நியூசிலாந்து அட்டவணையை மற்ற இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். இசட் (அந்த விதியின் அபாயக் காரணி) 0.13 இருக்கும் ஆக்லாந்துக்கும் 0.40 இருக்கும் வெலிங்டனுக்கும் ஒரே ஆர். விதி எளிமையாக இருக்கட்டும் என்று செய்த சமரசம் அது. இரு ஊர்களின் உண்மையான வளைவும் ஒரே சாய்வு இல்லை.

மேலே சொன்ன வில்-நாண் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய நிலநடுக்கம் ஓரளவு ஒழுங்கான இடைவெளியில் வரும் ஒரு மூலம் அருகே இருந்தால் வளைவில் ஒரு தோள், அதாவது சாய்வு திடீரென மாறும் பகுதி, இருக்கும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நியூ மாட்ரிட் இதற்கு நல்ல உதாரணம். 1811–12-இல் வந்தவை ஒரு தொகுதி. அதற்கு முன் ஏறத்தாழ 1450-இலும் 900-இலும் வந்ததற்கு மணல் பீய்ச்சிய தடயங்கள் மண்ணில் இருக்கின்றன. ஆக இடைவெளி சுமார் 500 ஆண்டு. 475 ஆண்டு மட்டம் சரியாக அந்தத் தோளின் விளிம்பில் வந்து உட்காரும். அங்கே இரண்டு புள்ளியை வைத்து எதையும் நீட்டுவது சூதாட்டம்.

—

சேற்றுநிலம்:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

3 ஆண்டில் 10% என்றால் 28.5 ஆண்டு. 3 ஆண்டில் 5% என்றால் 58.5. யூரோகோடு 8-இன் பாலங்களுக்கான பகுதி, அதாவது பகுதி 2, கட்டுமானக் கட்டத்துக்கு இதையே செய்கிறது. 5% எடுத்துக்கொண்டு காலத்தை அதால் வகுக்கச் சொல்கிறது, 3 ÷ 0.05 = 60 ஆண்டு. பிறகு (60 ÷ 475) என்பதை 0.30 முதல் 0.40 வரை உள்ள ஒரு அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பகுதியில் அந்த அடுக்குக்கும் கே என்றே பெயர். பகுதி 1-இல் கே சுமார் 3, அங்கே 1/கே தான் அடுக்கு. பகுதி 2-இல் கே 0.3 முதல் 0.4, அதுவே அடுக்கு. ஒன்று மற்றதன் தலைகீழ். பகுதி 2-இன் சமன்பாட்டில் 3-ஐப் போட்டவருக்கு 0.002 என்று ஒரு காரணி வரும். அதைப் பார்த்தும் சந்தேகம் வராதவர்கள் இருக்கிறார்கள்.

0.35 போட்டால் காரணி 0.485, உங்கள் பிஜிஏ 0.040 ஜி. உங்கள் தளத்தின் சாய்வையே, அதாவது 1 ÷ 2.246 = 0.445-ஐப் போட்டால் காரணி 0.40, பிஜிஏ 0.033 ஜி. தெற்குத்தீவு சொன்ன காரணத்தால் அந்த 0.033 கூட உண்மையைவிடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். ஆனாலும் 475-இலிருந்து 60-க்குப் புறச்செருகல் செய்வது எட்டு மடங்குத் தாண்டல். இவ்வளவு கீழே போகும்போது, அபாயக் கணக்கில் எந்த அளவுக்குக் குறைந்த நிலநடுக்கங்களை விட்டுவிட்டார்கள், பின்னதிர்வுகளை எப்படிக் கழித்தார்கள் என்பதெல்லாம் விடையைத் தீர்மானிக்க ஆரம்பிக்கும். 0.04 ஜி போடுங்கள். அதற்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஏன் என்றால், சென்னையில் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். தகடு போர்த்திய தற்காலிகச் சட்டகம் என்றால் பக்கவாட்டு விசையைக் காற்றுதான் தீர்மானிக்கும், நிலநடுக்கம் அல்ல. காற்று விசைக்கான இந்திய விதி ஐஎஸ் 875 பகுதி 3-இல் கே1 என்ற காரணி தற்காலிகக் கட்டமைப்புக்குக் காற்று வேகத்தைக் குறைக்கிறதே, அதுவும் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே மாற்றம்தான். திறந்த சட்டகத்தின் உச்சியில் கனமான கருவி எதையாவது தூக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் நிலநடுக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். கணக்கு எவ்வளவு சிறிய விசை சொன்னாலும் இரு திசையிலும் குறுக்குத் தாங்கிகள் இருக்கட்டும்.

அடுத்தது, மண். உங்கள் எண்கள் பாறை மட்டத்தில் இருக்கின்றன, நல்லது. மாற்றத்தைப் பாறை மட்டத்திலேயே முடித்துவிட்டு, அதன்பின் மண் பெருக்கத்தைப் போடுங்கள். சிலர் 475 ஆண்டுத் தரைமட்ட மதிப்பை எடுத்து அதன்மேல் 1.36-ஐப் பெருக்குவார்கள். மென்மண் சிறிய அதிர்வை அதிகமாகப் பெருக்கும், பெரிய அதிர்வைக் குறைவாகப் பெருக்கும். ஏஎஸ்சிஇ 7-இன் 2016 பதிப்பில் டி வகை மண்ணுக்குக் (ஓரளவு கெட்டியான மண்) குறுகிய அலைவுக் காலக் காரணி, சிறிய அதிர்வில் 1.6-இல் தொடங்கி, பெரிய அதிர்வில் 1.0 வரை இறங்குகிறது. தரைமட்டத்தில் இரு மட்டங்களின் விகிதமும் வேறு, கே-யும் வேறு. அறிக்கையின் எந்த அட்டவணை பாறைக்கு, எது தரைக்கு என்று பக்கத் தலைப்பை நம்பாமல், வெட்டு அலை வேகம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோரம் என்பதால் மணல் திரவமாதலையும் பார்க்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு பிஜிஏ மட்டும் போதாது, அதோடு நிலநடுக்கத்தின் அளவும் (மொமன்ட் மேக்னிட்யூட்) வேண்டும். 949 ஆண்டு பிஜிஏ-வை இடைச்செருகலில் எடுத்துவிடலாம். அந்த அளவை அப்படி எடுக்க முடியாது. 475 ஆண்டில் எந்தத் தொலைவு, எந்த அளவு ஆதிக்கம் செலுத்துகிறது, 2475-இல் எது என்று பகுத்துக் காட்டும் படம் அறிக்கையில் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் அதையே வையுங்கள். வேறு வேறு என்றால் பெரியதை வையுங்கள்.

—

பாறைமட்டம்:

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம்.

ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் இசட்டுக்கு எந்த ரிட்டர்ன் பீரியடும் எழுதப்படவில்லை. அதன் மண்டல வரைபடம் கடந்த கால நிலநடுக்கங்களின் பாதிப்புச் செறிவை அடிப்படையாகக் கொண்டது: மண்டலம் 3 என்றால் எம்எஸ்கே (பாதிப்பை வைத்து அதிர்வை மதிப்பிடும் அளவுகோல்) செறிவு 7, மண்டலம் 4 என்றால் 8, மண்டலம் 5 என்றால் 9-உம் அதற்கு மேலும். சென்னை 2002 திருத்தத்தில்தான் மண்டலம் 2-இலிருந்து 3-க்கு வந்தது. நிகழ்தகவு வளைவு ஏதும் அங்கே ஏறவில்லை, வரைபடக் கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். பாதியாக்குவதும் ஒரு மரபு, அளந்து எடுத்தது அல்ல.

சரி, இசட் 2475 ஆண்டுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் பாதி எத்தனை ஆண்டு? 2475-ஐ இரண்டின் கே அடுக்கால் வகுக்க வேண்டும். உங்கள் தளத்தில், கே 2.25-க்கு, சுமார் 520. கே 3 இருக்கும் இடத்தில் 309. கே 1.5 இருக்கும் இடத்தில் 875. சரியாக 475 வர வேண்டுமென்றால் கே 2.38 இருந்தாக வேண்டும். இமயமலை அடிவாரத்துக்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் கே ஒன்றாக இருக்க வழியே இல்லை. 0.08-உம் 0.082-உம் பக்கத்தில் வந்தது தற்செயல்.

இன்னொன்று, எண்களின் துல்லியம். வரைபடத்திலிருந்து இரண்டு தசம இடத்துக்கு 0.08, 0.16 என்று படித்துக் கே கணக்கிட்டால், முழுமையாக்கலால் மட்டுமே அது 2.1-இலிருந்து 2.75 வரை எங்கேயும் இருக்கலாம். மூன்று தசம இடமாவது இல்லாமல் சாய்வு எடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்: அறிக்கை எழுதியவரிடமே அபாய வளைவின் எண்களைக் கேளுங்கள். அவருடைய மென்பொருள் இருபது, முப்பது முடுக்க மதிப்புகளுக்கு ஆண்டு மீறல் வீதத்தை ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கும். இரண்டு மட்டங்கள் அதிலிருந்து படித்தெடுத்தவைதான். ஒரு எக்ஸெல் கோப்பு அனுப்பும் வேலை. கேட்கும்போது அது சராசரி வளைவா இடைநிலை வளைவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 475-ஐ ஒன்றிலிருந்தும் 2475-ஐ மற்றதிலிருந்தும் எடுத்த அட்டவணைகள் உண்டு, கே வினோதமாக வரும்போதுதான் அது வெளியே தெரியும்.

—

தாங்குதூண்:

மூவருக்கும் நன்றி. வளைவைக் கேட்டு எழுதிவிட்டேன். அது வரும்வரை தொட்டிக்கு பிஜிஏ 0.112, 0.2 நொடிக்கு 0.236, 1.0 நொடிக்கு 0.078 என்று வைத்துக்கொள்கிறேன். தற்காலிகச் சட்டகத்துக்குக் காற்று விசை நிலநடுக்க விசையைத் தாண்டிவிட்டது, சேற்றுநிலம் சொன்னபடியே.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்கிறேன். இந்த 949 ஆண்டு ஸ்பெக்ட்ரத்தின்மேல் முக்கியத்துவக் காரணி (முக்கியமான கட்டமைப்புக்கு விசையைக் கூட்டும் பெருக்கம்) 1.5-ஐப் பெருக்கிவிட்டால் முடிந்ததுதானே?

—

பாறைமட்டம்:

அங்கே நிறுத்துங்கள். முக்கியத்துவக் காரணியே ரிட்டர்ன் பீரியடை உயர்த்தும் வேலையைத்தான் செய்கிறது. 475 ஆண்டு மதிப்பை 1.5-ஆல் பெருக்கினால், உங்கள் கே-யில், 475 × 1.5-இன் 2.246 அடுக்கு, சுமார் 1180 ஆண்டு மட்டத்துக்குப் போகிறீர்கள். யூரோகோடு 8-இல் முக்கியத்துவக் காரணி 1.4 என்பதும் கே 3-க்கு ஏறத்தாழ 1300 ஆண்டு என்றுதான் பொருள்.

உரிமையாளர் 100 ஆண்டில் 10% என்று கேட்டதும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கும்: தொட்டி முக்கியமானது, மட்டத்தை உயர்த்து என்று. அதன்மேல் இன்னொரு 1.5 போட்டால் 0.1116 × 1.5 = 0.167 ஜி. அறிக்கையின் 2475 ஆண்டு மதிப்பு 0.171. யாரும் கேட்காமலே தொட்டியை 2475 ஆண்டு மட்டத்துக்கு வடிவமைத்துவிடுவீர்கள்.

ஆவணத்தில் இரண்டும் சேர்த்தே எழுதியிருந்தால் அவர்கள் விருப்பம், செய்துவிடுங்கள். எழுதவில்லை என்றால், 949 ஆண்டு ஸ்பெக்ட்ரத்துக்கு முக்கியத்துவக் காரணி 1.0 என்று எடுத்துக்கொள்வதாகக் குறிப்பிட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 475 ஆண்டு மதிப்பு × 1.5 = 0.123 ஜி, 949 ஆண்டு மதிப்பு × 1.0 = 0.112 ஜி. விதி கேட்கும் குறைந்தபட்சம் முதலாவதாக இருந்தால் பெரியதுதான் நிற்கும், அதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.